போலியும் மெய்யும்: என்பு வளர்க்கும் செயற்கை நொதியங்கள் பற்றிய ஒரு விசாரம்

'போலி' என்னும் சொல்லை நாம் பாராட்டாக வழங்குவதில்லை. போலி நாணயம், போலி மருந்து, போலித் துறவி என்னும் வழக்குகளில் அச்சொல் ஏமாற்றத்தின் பெயராகவே நிற்கின்றது. தருக்க நூலாரும் அதனை இப்பொருளிலேயே ஆண்டனர். மணிமேகலையின் 29 ஆம் காதையில் அறவணர் உரைக்கும் அளவை நெறியிலே பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்பன பேசப்படுகின்றன. ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவின் பயனைத் தராதது ஏதுப் போலி. ஆயின் இலக்கண நூலார் இதே சொல்லை முற்றிலும் வேறாக ஆண்டுள்ளனர். 'அறம்' என்பது 'அறன்' என்றும், 'நிலம்' என்பது 'நிலன்' என்றும் வருவதனை அவர்கள் போலி என்றனர். ஓரெழுத்து நின்ற இடத்திற் பிறிதோரெழுத்து வந்து நின்றும் பொருள் வேறுபடாமையே இங்குப் போலியின் இலக்கணம். தருக்கத்திலே போலி ஒரு குற்றம். இலக்கணத்திலோ அஃது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு மாற்று.

ஒரு சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள தூரம் இன்று சொல்லாராய்ச்சியோடு மட்டும் நின்றுவிடவில்லை. உயிருடலின் நொதியங்கள் செய்யும் வேலையைச் செய்யவல்ல உலோக ஒட்சைட்டுத் துணிக்கைகளை விஞ்ஞானிகள் ஆக்கியுள்ளனர். முறிந்த அல்லது சிதைந்த என்பை மீள வளர்ப்பதற்கு அவற்றைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. உடலினுள்ளே புகும் இப்போலி இலக்கண நூலார் கூறிய போலியா, தருக்க நூலார் கூறிய போலியா? இவ்வினாவும், இதற்கு நாம் கூறும் விடையிலிருந்து பிறக்கும் கடமைகளுமே இக்கட்டுரையின் பொருளாகும். இதனை இரசாயனம் பயில்வோருக்கு மட்டும் உரிய பொருளென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பெயரிடுதலும் வரையறுத்தலும் மெய்யியலின் பழந்தொழில்கள். ஒன்றினை மற்றொருவர் உடலில் இடலாமா என்பது ஒழுக்கவியலின் வினா.

நொதியம் என்றால் என்ன? இவ்வினாவுக்கு விஞ்ஞானம் அளித்த விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஜேர்மானிய உடற்றொழிலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில் இப்பொருட்களுக்குப் பெயரிட்ட காலத்தில், நொதித்தல் உயிருள்ள கலத்தின் செயலே என்ற கருத்து வலிமை பெற்றிருந்தது. 1897 இல் எதுவார்ட் புக்னர், மதுவத்தை அரைத்துப் பிழிந்தெடுத்த, உயிர்க்கலம் எதுவுமில்லாச் சாறும் சீனியை நொதிக்கச் செய்யும் எனக் காட்டினார். இதனால் 'உயிர்' என்பது வரையறையிலிருந்து நீங்கிற்று. 1926 இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேசு என்னும் நொதியத்தைப் பளிங்காக்கி அது புரதமே எனக் கூறினார். புகழ்பெற்ற இரசாயன அறிஞரான றிச்சாட் வில்ஸ்ரேற்றர் அதனை ஏற்க மறுத்தார். ஆயினும் சம்னரின் கருத்தே நிலைபெற்றது. நொதியம் புரதமாயிருத்தல் வேண்டும் என்பது பாடநூல் வாக்கியமாயிற்று. 1980களிலோ தோமஸ் செக், சிட்னி அல்ற்மன் ஆகியோர் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் ஊக்கிகளாகத் தொழிற்படும் எனக் காட்டி, 1989 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். 'புரதம்' என்ற நிபந்தனையும் அவ்வாறு தளர்ந்தது.

அடுத்த தளர்வு இந்நூற்றாண்டில் வந்தது. இத்தாலிய இரசாயனவியலாளர் பவுலோ ஸ்கிறிமினும் அவர்தம் குழுவினரும் 2004 இல், தாம் வடிவமைத்த பொன் துணிக்கைகளுக்கு 'நனோசைம்' என்று பெயரிட்டனர். 2007 இல் சீன விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த யான் சியுன் குழுவினர், காந்தத் தன்மையுள்ள இரும்பொட்சைட்டு நனோத் துணிக்கைகள் பேரொட்சிடேசு என்னும் நொதியத்தின் செயலைத் தாமாகவே செய்கின்றன என்று வெளியிட்டனர். நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எவ்விதப் புரதமும் ஒட்டப்படாத வெறும் இரும்பொட்சைட்டே நொதியம் போலத் தொழிற்பட்டமைதான் அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. காந்தத்தால் இழுக்கப்படும் வெறுந் துணிக்கை என்று கருதப்பட்டு வந்தது, தானே ஒரு வேலையாளாக நின்றது.

இனி, என்புக்கும் இதற்குமுள்ள தொடர்பை நோக்குவோம். என்பு கல்லன்று. சுண்ணாம்பின் பொசுபேற்றுக் கனியமும் கொலாசன் என்னும் புரத நாரும் கலந்து அமைந்த உயிருள்ள இழையம் அது. என்பைக் கரைக்கும் கலங்களும் என்பைக் கட்டும் கலங்களும் அதனுள்ளே வாழ்நாள் முழுதும் தொழில் செய்கின்றன. இவ்விரு தொழிலும் ஒத்து நடக்கும் வரை என்பு வலிமையோடிருக்கும். முறிவு நேரும்போது குருதிக்கலன்கள் அறுகின்றன, அவ்விடத்திலே ஒட்சிசன் குறைகின்றது, அழற்சி தோன்றுகின்றது. சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு முதலிய தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வகைகள் அங்கே பெருகுகின்றன. இவை அளவு கடந்தால் கரைக்கும் கலங்கள் பெருகிக் கட்டும் கலங்கள் தளர்கின்றன. இவற்றை அடக்குவதற்கென உடல் தன் நொதியங்களை வைத்திருக்கின்றது. ஒன்று சுப்பரொட்சைட்டைப் பேரொட்சைட்டாக்கும். கற்றலேசு என்னும் மற்றொன்று பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். முதுமையிலும் நீரிழிவிலும் இவ்வடக்கம் தளர்வதால் என்பு சேர்வது தாமதிக்கின்றது.

சீரியம் என்னும் உலோகத்தின் ஒட்சைட்டு நனோத் துணிக்கைகள் இவ்விரு நொதியங்களின் வேலையையும் செய்யவல்லன. சீரியம் தன் இலத்திரன் ஒன்றைக் கொடுத்து மீண்டும் பெறும் இயல்பினது. மூன்றேற்ற நிலைக்கும் நான்கேற்ற நிலைக்கும் இடையே அது மாறி மாறி நிற்கும். ஆதலால் ஒருமுறை தொழில் செய்ததும் தீர்ந்துபோகாமல் மீண்டும் மீண்டும் தொழிற்படுகின்றது. இத்தகைய துணிக்கைகளைக் கலந்த தாங்குசட்டங்களை எலி முதலிய விலங்குகளின் மண்டையோட்டிலும் தொடையென்பிலும் ஆக்கப்பட்ட இடைவெளிகளில் வைத்து, என்பு வளர்தலை ஆய்வாளர் அவதானித்து வருகின்றனர்.

இதன் தேவை அற்பமானதன்று. பெரும் இடைவெளி நேர்ந்த என்பை நிரப்ப இன்று மருத்துவர் பெரிதும் நம்புவது நோயாளியின் இடுப்பென்பிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டும் முறையையே. ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம் செய்ய வேண்டியிருக்கின்றது. எடுக்கக்கூடிய என்பின் அளவுக்கும் எல்லையுண்டு. விபத்தில் காலென்பைச் சிதறக் கொடுத்த தொழிலாளிக்கும், இடுப்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்த மூதாட்டிக்கும் இவ்வாய்வுகள் வெறும் அறிவுவிளையாட்டல்ல. மீண்டும் எழுந்து நடத்தல் என்பது அவர்தம் வாழ்வின் முழுப்பொருளுமாகலாம். ஆகவே 'செயற்கை' என்ற ஒரு சொல்லாலே இம்முயற்சியைப் பழித்துவிடுதல் நேர்மையாகாது.

இவ்விடத்து முதல் வினாவுக்குத் திரும்புவோம். சைவசித்தாந்த நூலார் ஒரு பொருளுக்கு இருவகை இலக்கணம் கூறுவர். பிறவற்றோடு சார்ந்து அது செய்யும் செயலைக் கொண்டு உரைப்பது தடத்த இலக்கணம். பிறவற்றைச் சாராது அது தன்னிலே நிற்கும் நிலையை உரைப்பது சொரூப இலக்கணம். அவர்கள் இப்பாகுபாட்டை இறைவனைக் குறித்தே வகுத்தனர். எனினும், வரையறை எவ்வாறு அமைகின்றது என்பதைத் தெளிதற்கு அது நமக்கும் உதவும். நொதியத்தின் வரலாற்றை நோக்கின், உயிர், புரதம் எனச் சொரூபத்தால் வரையறுக்க முயன்ற ஒவ்வொரு முறையும் விஞ்ஞானம் அவ்வரையறையைக் கைவிட நேர்ந்தது. இன்ன தாக்கத்தை இவ்வாறு விரைவுபடுத்துவது என்னும் தடத்த இலக்கணமே எஞ்சியது. அவ்வாறாயின் சீரியத் துணிக்கையை நொதியம் என்று அழைப்பதற்குத் தடை யாது? செயல் ஒன்றாயின் பெயரும் ஒன்றாகலாமே. 'அறன்' என்பதும் 'அறம்' என்பதும் போல, இதுவும் இலக்கணத்தார் கூறும் போலியே எனலாம்.

இவ்விடை கவர்ச்சியானது, ஆனால் நிறைவானதன்று. செயல் என்பதை நாம் எவ்வளவு அகலமாகக் கொள்கின்றோம் என்பதில் இவ்விடையின் குறை தங்கியுள்ளது. இதனைத் தெளிவுபடுத்த ஆனந்த குமாரசுவாமியின் சிந்தனை உதவும். கலை இயற்கையின் தோற்றத்தைப் பின்பற்றுவதன்று, இயற்கை தொழிற்படும் முறையினைப் பின்பற்றுவது என்னும் தோமஸ் அக்குவைனசின் கொள்கையை அவர் தம் நூல்களில் வற்புறுத்தி வந்தார். வெளித்தோற்றத்தைப் படியெடுப்பவன் நகல் செய்கிறான். தொழிற்படும் முறையை உணர்ந்து செய்பவனே கலைஞன். இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டால் செயற்கை நொதியம் முதற்பார்வையில் உயர்ந்த இடத்தைப் பெறுகின்றது. நொதியத்தின் தோற்றத்தை அது சிறிதும் ஒத்திராது. தொழிலை மட்டுமே ஒத்திருக்கின்றது.

ஆனால் உடலில் நொதியம் தொழிற்படும் முறை என்பது ஒரு தாக்கத்தை விரைவுபடுத்துவது மட்டுந்தானா? கலம் தனக்குத் தேவையான வேளையில் நொதியத்தை ஆக்குகின்றது. தேவையான இடத்தில் நிறுத்துகின்றது. விளைபொருள் மிகுந்தால் அதன் வேகத்தைக் குறைக்கின்றது. தேவை தீர்ந்தால் அதனை உடைத்து அதன் அமினோவமிலங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கின்றது. புரதங்களை அடையாளமிட்டு அழிக்கும் இவ்வொழுங்கை விளக்கியமைக்காகவே 2004 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனவே தொழிற்படுதல், அடங்குதல், அழிதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நொதியத்தின் தொழில். இம்மூன்றில் முதலாவதை மட்டுமே துணிக்கை கற்றுக்கொண்டது. ஏவலின்றி அது தொடங்கும், தடுப்பாரின்றித் தொடரும்.

இது வெறும் ஊகமன்று. முன்னர்க் கூறிய இரும்பொட்சைட்டுத் துணிக்கை அமிலத்தன்மையுள்ள இடத்திலே பேரொட்சிடேசு போல நடந்து, கலங்களைத் தாக்கும் கொடிய ஐதரொட்சில் மூலிகத்தைத் தோற்றுவிக்கும். நடுநிலையான இடத்திலே கற்றலேசு போல நடந்து பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். ஒரே துணிக்கை ஓரிடத்திற் காவலன், மற்றோரிடத்திற் கள்வன். கிருமி தொற்றிய காயத்தில் முதற்றன்மை பயன்படலாம். ஆறிவரும் காயத்தில் அதுவே தீங்காகலாம். 'நிலம்' நிலனாகும், ஆனால் 'வட்டம்' வட்டனாகாது என்பதைத் தமிழ் அறிந்தவர் உணர்வர். இலக்கணப் போலியும் எல்லா இடத்துக்கும் உரிய உரிமையன்று. இடம் நோக்கியே அது செல்லும். செயற்கை நொதியத்தின் மெய்ம்மையும் அவ்வாறு இடம்பற்றியதே.

மேலும், அடக்கப்படவேண்டியன என்று நாம் கூறிய ஒட்சிசன் வகைகள் முற்றிலும் பகையுமல்ல. கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி உணர்த்துவதற்கும், கிருமிகளை எதிர்ப்பதற்கும் உடல் அவற்றைப் பயன்படுத்துகின்றது. முறிவின் ஆரம்ப நாட்களில் தோன்றும் அழற்சி, என்பு சேர்தலின் முதற்படியாகும். அதனை முற்றாக நீக்கிவிட்டால் சேர்தலே குன்றும். எனவே வேண்டப்படுவது ஒழித்தலன்று, அளவு. அளவை அறிவது வேகத்தை மிகுவிப்பதிலும் அரிது. நல்லதை மிகுதியாகச் செய்தலே நன்மை என்று எண்ணும் நம் காலத்தின் பொதுவான மயக்கத்தை என்பின் இயல்பு மறுத்து நிற்கின்றது.

உடலில் நெடுங்காலம் தங்கும் பொருளைப் பற்றி வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையைத் தந்துள்ளது. 1930களிலிருந்து 1950கள் வரை பல நாடுகளில் 'தோரோத்திராஸ்ற்' என்னும் கூழ்மக் கரைசல் நோயாளரின் குருதிக்குழாய்களில் ஏற்றப்பட்டது. எக்ஸ்-கதிர்ப் படத்திலே குருதிக்குழாய்களைத் தெளிவாகக் காட்டுவதற்கு அதற்கு இணையானது அன்று அரிது. ஏற்றிய வேளையில் நோயாளருக்கு வலியில்லை, துன்பமில்லை. படமும் தெளிவாக அமைந்தது. அதிலிருந்தது தோரியம் ஈரொட்சைட்டின் நுண்டுணிக்கைகள். அவற்றை உடல் வெளியேற்றவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் அவை தங்கின. பல பத்தாண்டுகளின் பின்னர் ஈரற் புற்றுநோயாக வெளிப்பட்டன. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். மனித ஆயுள் அதன் முன் ஒரு கணமுமன்று.

இந்நாட்டோடு இவ்வரலாற்றுக்கு ஒரு தொடர்புண்டு. தோரியம் ஈரொட்சைட்டையே பெரும்பகுதியாகக் கொண்ட தோரியனைற்று என்னும் கனியத்தை 1904 இல் இலங்கையிலே கண்டறிந்தவர், அப்போது இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிய அதே ஆனந்த குமாரசுவாமியேயாவார். கனியத்தைக் கண்டவரே பிற்காலத்தில், ஆக்குதலின் நெறி யாது என்னும் வினாவுக்குத் தம் வாழ்வை அளித்தார்.

தோரியத்தின் கேடு அதன் கதிரியக்கத்தால் விளைந்தது, சீரியமோ கதிரியக்கமற்றது. ஆதலின் ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேல் ஏற்றினால் அதுவே ஏதுப் போலியாகும். இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது வேறு. பொருளொன்றின் பயன் உடனே தெரியவும் தீங்கு முப்பது ஆண்டுகளின் பின் தெரியவும் கூடுமாயின், பயனைக் கண்டவரும் தீங்கைக் காண்பவரும் ஒருவராக இருப்பதில்லை. மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். ஆக்கிய நிறுவனம் கைமாறியிருக்கும். நோயாளி மட்டும் தன்னுடலோடு எஞ்சியிருப்பான்.

இதற்கு எதிராக ஒரு நியாயம் கூறப்படலாம். அந்நியப் பொருள் என்பதால் மட்டும் ஒன்று தீதாகுமா? 1965 இல் சுவீடனில் பேர்-இங்வார் பிரனெமார்க் ஒரு நோயாளியின் தாடையென்பிலே தைத்தேனியம் வேர்களைப் பதித்தார். என்பு அவ்வுலோகத்தைத் தழுவி வளர்ந்தது. அந்நோயாளி தம் வாழ்நாள் முழுதும் அவற்றின் பயனைப் பெற்றார். அழியாது தங்கிய அந்நியப் பொருளே அங்கு அருளாயிற்று. இந்நியாயம் வலிமையுடையது. ஆயின் தைத்தேனியம் செய்வது நிற்றல். செயற்கை நொதியம் செய்வது செய்தல். வீட்டில் நிறுத்திய தூணும் வீட்டில் அமர்த்திய ஏவலாளும் ஒன்றல்ல. தூணிடம் நாம் எதிர்பார்ப்பது உறுதி. ஏவலாளிடம் எதிர்பார்ப்பது உறுதியோடு கூடிய அடக்கம். தொழிற்படும் பொருளொன்றை உடலில் இடும்போது, அதனை யார் நிறுத்துவது என்னும் வினா தவிர்க்கவியலாதது.

இங்கேயே இப்பொருளின் ஒழுக்கவியல் தொடங்குகின்றது. இயற்கை நொதியத்தை அடக்கும் பொறுப்பு உடலினுடையது. செயற்கை நொதியத்தை உடல் அடக்கவியலாதாயின் அப்பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. அதனை ஆக்கியவரிடமும் இட்டவரிடமும் வந்து சேர்கின்றது. போலி எவ்வளவு பங்கை விட்டுவிட்டதோ அவ்வளவு பங்கு மனிதனின் கடமையாகின்றது. இக்கூற்றிலிருந்து மூன்று முடிவுகள் பிறக்கும்.

முதலாவது, ஆக்கத்தைப் பற்றியது. இரும்பொட்சைட்டை உடல் மெல்லச் சிதைத்து அவ்விரும்பைத் தன் குருதியின் தேவைக்கு எடுத்துக்கொள்ளவல்லது. இரும்புக் குறைபாட்டுக்கு அத்தகைய துணிக்கை மருந்தொன்று அமெரிக்காவில் 2009 இல் அனுமதிக்கப்பட்டது. அதனை ஏற்றும்போது சிலருக்குக் கடும் ஒவ்வாமை நேர்ந்தமையால் 2015 இல் அங்கு எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது என்பதையும் உடன்கூறல் வேண்டும். மிக நுண்ணிய துணிக்கைகள், ஏறத்தாழ 6 நனோமீற்றருக்குக் குறைந்தவை, சிறுநீரகத்தின் வழியே வெளியேறக்கூடும். பெரியவை ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கும். ஆகவே இரு துணிக்கைகள் ஒரே வேகத்தில் தொழிற்படுமாயின், உடல் கலைத்துவிடக் கூடியதைத் தெரிவுசெய்தல் தொழில்நுட்ப விருப்பமன்று, அறத்தின் வேண்டுகோள்.

இரண்டாவது, நோயாளியின் இசைவைப் பற்றியது. 1947 ஆம் ஆண்டின் நியூரம்பேர்க் நெறிகளும் 1964 ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனமும், மனிதர்மீது செய்யப்படும் பரிசோதனைக்கு அவர்தம் அறிந்த இசைவை வேண்டின. ஆனால் இசைவு என்பது ஒரு நாளில் இடப்படும் கையொப்பம். துணிக்கையோ பல ஆண்டுகள் தொழிற்படுவது. ஒரு நாளின் இசைவு முப்பது ஆண்டுகளின் மௌனத்துக்கு உரிமையாகாது. இட்டவர் எத்தனை காலம் நோயாளியைப் பின்தொடர்ந்து நோக்குவார், அதன் செலவை யார் ஏற்பார் என்பனவும் இசைவின் பகுதியாதல் வேண்டும்.

மூன்றாவது, சமூக நீதியைப் பற்றியது. புதிய மருந்தொன்றின் முதற்பரிசோதனைக்குத் தம்மை அளிப்போர் பெரும்பாலும் வேறு வழியற்றோர். அது செம்மையுற்றபின் அதனை வாங்கக்கூடியோர் பெரும்பாலும் வசதியுள்ளோர். இடரை ஒரு வகுப்பாரும் பயனை மற்றொரு வகுப்பாரும் பெறும் ஒழுங்கு, எத்துணை நுண்ணிய விஞ்ஞானத்தின்மேல் கட்டப்பட்டாலும், நீதியானதாகாது.

இனி, தொகுத்து நோக்குவோம். செயற்கை நொதியம் தருக்கத்தார் கூறும் போலியன்று; அது தரும் பயன் மெய்யான பயன். இலக்கணத்தார் கூறும் முழுமையான போலியுமன்று; 'அறன்' நின்ற இடத்தில் 'அறம்' விட்டுச்சென்ற வேலை எதுவும் எஞ்சுவதில்லை, துணிக்கை நின்ற இடத்திலோ வேலை எஞ்சுகின்றது. எஞ்சிய அவ்வேலை நம்முடையது. அதனை ஏற்போமாயின் இப்போலி மெய்யை நெருங்கும். மறுப்போமாயின் அது போலி மருந்தின் இனத்தைச் சேர்ந்துவிடும். அதனை எவ்வினத்திற் சேர்ப்பது என்பது துணிக்கையின் அணுவமைப்பில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனைக் கையாளும் மனிதரின் நடத்தையிலும் எழுதப்படுகின்றது.

இதற்கான நெறியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. என்பே அதனைக் கூறுகின்றது. கட்டுவோரும் கரைப்போரும் ஓயாது தொழில் செய்வதாலேயே அது வலிமையுடன் நிற்கின்றது. கரைக்கப்படவியலாத என்பு நோயுற்ற என்பு என்பது மருத்துவரின் அனுபவம். தன்னைக் கலைத்துக்கொள்ள அறிந்ததே உடலில் நிலைக்கத் தகுதி பெறுகின்றது. என்புக்குள்ளே நாம் வைக்கும் எதற்கும் இதுவே முதல் நிபந்தனையாதல் வேண்டும்.